தலையிலும் கழுத்திலும் நிணநீர் வடியும் பாதை

பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "தலை, கழுத்துப் பகுதியின் நிணநீர்க் கணுக்களை வரிசை மாறாமல் ஒப்பிக்க முடிகிறது. ஆனால் ஒருவருடைய கழுத்தில் கை வைத்து ஒரு நெறி தட்டுப்படும்போது, அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது?"

பாடநூல் உறுப்பிலிருந்து கணுவை நோக்கிப் போகிறது. நாக்கின் நுனி இந்தக் கணுவில் வடியும், மேலுதடு அந்தக் கணுவில் வடியும் என்று சொல்லிக்கொண்டு போகும். நோயாளியோ கணுவோடு வருகிறார். அவருக்குத் தெரிவது தாடைக்கு அடியில் உருளும் ஒரு கட்டி மட்டுமே. அதற்குக் காரணமான புண் நாக்கின் அடிப்பகுதியிலோ, டான்சிலின் மடிப்பிலோ, மூக்குக்குப் பின்னாலோ அவரே அறியாமல் இருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு கணுவுக்கும் நேராக, அதில் வந்து வடியும் இடங்கள் எவை என்று தலைகீழாக எழுதிப் படியுங்கள். இந்தப் பாடத்தின் பயன் முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

முதலில் அடிப்படை. இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. எஞ்சுவதை, அதனுடன் சேர்ந்த புரதங்களையும் நுண்ணுயிர்களையும் உதிர்ந்த செல்களையும் நிணநீர் நாளங்கள் வாரிக்கொண்டு போகின்றன. உடல் முழுவதிலிருந்தும் இப்படி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 லிட்டர் நிணநீர் மீண்டும் சிரைக்குள் சேர்கிறது. நாளங்களில் உள்ள வால்வுகளும் நாளச் சுவரின் சுருக்கமும் அருகில் உள்ள தசைகளின் அசைவும் அதைத் தள்ளுகின்றன. வழியில் கணுக்கள் வடிகட்டிகளாக நிற்கின்றன. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போவதைப் போல, ஒரு கணுவைக் கடந்த நிணநீர் அடுத்த கணுவுக்குப் போகிறது. எந்தக் கணு முதலில் நிற்கிறதோ அதில்தான் பெரும்பாலும் நோயின் முதல் அடையாளம் தெரியும். உடலில் உள்ள கணுக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலுமே இருக்கிறது. வாயும் மூக்கும் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் இரு வாசல்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

இந்தக் கணுக்களை இரண்டு அடுக்குகளாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் அடுக்கு, தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் வட்டமாகச் சூழ்ந்திருப்பது: பிடரியில் ஒரு கூட்டம், காதின் பின்னால் ஒன்று, காதின் முன்னால் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டி ஒன்று, கீழ்த்தாடைக்கு அடியில் ஒன்று, முகவாய்க்கு நேர் கீழே ஒன்று. இரண்டாவது அடுக்கு, கழுத்தின் உட்சிரையை ஒட்டி மண்டையோட்டின் அடியிலிருந்து காறை எலும்பு வரை செங்குத்தாக இறங்கும் ஆழ்கணுச் சங்கிலி. தலையின் எந்த மூலையிலிருந்து கிளம்பிய நிணநீரும் முதல் அடுக்கின் வழியாகவோ நேரடியாகவோ கடைசியில் இந்தச் சங்கிலிக்கே வந்து சேரும். சங்கிலியின் அடியிலிருந்து கிளம்பும் கழுத்து நிணத்தண்டு இடப்பக்கத்தில் மார்பு நிணநாளத்திலும், வலப்பக்கத்தில் வலது நிணநாளத்திலும் சேர்ந்தோ, நேராகவோ, உட்சிரையும் கையிலிருந்து வரும் சிரையும் கூடும் முனையில் இரத்தத்தில் கலக்கிறது.

இனி கணுவிலிருந்து பின்னோக்கிப் போவோம். பிடரிக் கணு வீங்கியிருந்தால் உச்சந்தலையின் பின்பாதியைப் பாருங்கள். பள்ளிக்குப் போகும் சிறுமியின் பிடரியில் இரண்டு மூன்று சிறு உருண்டைகள் தட்டுப்படுவதாகப் பதறிக்கொண்டு தாய் அழைத்து வருவார். தலைமுடியைக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு பிரித்துப் பார்த்தால், மயிர்க்காலுக்குச் சற்று மேலே ஊதினாலும் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை ஈர்களும், சொறிந்து சொறிந்து நீர் கோத்த சிறு புண்களும் தெரியும். பேனுக்கு மருந்து போட்டுப் புண்ணை ஆற்றினால் கணுவும் வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் ஒருசேர வீங்கி, உடலில் செந்தடிப்பும் லேசான காய்ச்சலும் இருந்தால் ருபெல்லா என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும்.

காதின் முன்னால் உள்ள கணு நெற்றியின் பக்கவாட்டையும், பொட்டுப் பகுதியையும், இமைகளின் வெளிப்பாதியையும், கண்ணின் வெண்படலத்தையும் காதுமடலின் முன்பகுதியையும் பார்த்துக்கொள்கிறது. மெட்ராஸ் ஐ வந்த பலருக்குக் காதுக்கு முன்னே ஒரு சிறு கணு அழுத்தினால் வலிக்கும். வைரஸால் வரும் கண் சிவப்பில் இது அடிக்கடி தெரியும். சாதாரண பாக்டீரியாச் சிவப்பில் பெரும்பாலும் தெரியாது. விரல் நுனியில் கிடைக்கும் இந்தச் சிறு வேறுபாட்டுக்குச் செலவு ஏதுமில்லை என்பதால், சிவந்த கண்ணைப் பார்க்கும் எவரும் காதின் முன்னால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. அதே கணு முதியவர் ஒருவரிடம் வலியில்லாமல் கெட்டியாக இருந்தால் பொட்டு, நெற்றி, உச்சந்தலைத் தோலில் ஆறாத புண்ணோ மச்சமோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பல் மருத்துவருக்கு மிக நெருக்கமானவை கீழ்த்தாடைக்கு அடியில் உள்ள கணுக்களும் முகவாய்க் கணுக்களும். கீழ்வரிசை முன்பற்கள், அவற்றின் ஈறு, கீழுதட்டின் நடுப்பகுதி, நாக்கின் நுனி ஆகியவை முகவாய்க் கணுவுக்குப் போகின்றன. மற்றப் பற்களும், மேலுதடும், கீழுதட்டின் ஓரங்களும், கன்னத்தின் உட்புறமும், மூக்கின் முன்பாதியும், இமைகளின் உட்பாதியும் தாடையடிக் கணுக்களுக்குப் போகின்றன. தாடைக்கடியில் வலியோடு வீங்கிய கணுவுக்குச் சொத்தைப் பல்லே மிகச் சாதாரணமான காரணம். அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு சீழ் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கணு வலியில்லாமலும் கெட்டியாகவும் இருந்து, அவர் புகையிலையோ குட்காவோ போடுபவராகவும் இருந்தால், பல்லைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். கன்னத்தை விரலால் நன்றாக இழுத்துப் பிடித்து, கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தை வெளிச்சத்தில் பாருங்கள். புகையிலையை அதக்கிக்கொள்ளும் இடம் அதுதான். நம் நாட்டு வாய்ப் புற்றுநோய் அங்கே தொடங்குவது மிகுதி. வெள்ளைத் திட்டின் ஓரத்தில் தடித்த, தொட்டால் கசியும் ஒரு புண் பல மாதங்களாக அங்கே இருந்தும், வலிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் எவரிடமும் காட்டாமல் வருபவர்கள் பலர்.

நாக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் நிணநீர்ப் போக்கு எளிய விதிக்குள் அடங்காது. நுனி முகவாய்க் கணுவுக்குப் போகிறது. பக்க ஓரங்கள் அதே பக்கத்துத் தாடையடிக் கணுக்களுக்கும் ஆழ்கணுச் சங்கிலிக்கும் போகின்றன. நடுக்கோட்டை ஒட்டிய பகுதியிலிருந்து கிளம்பும் நாளங்கள் இரு பக்கமும் பிரிந்து போகின்றன. பின் மூன்றிலொரு பங்கு, அதாவது வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத நாவடி, இருபுறத்து ஆழ்கணுக்களுக்கும் போகிறது. இதைத் தவிர, நாக்கின் நிணநாளங்களில் சில இடைக்கணுக்களைத் தொடாமலேயே நடுக்கழுத்தில் ஓமோஹையாய்டு தசை உட்சிரையைக் கடக்கும் இடத்தில் உள்ள கணுவுக்கு நேராக இறங்குகின்றன. நாக்கின் இடது ஓரத்தில் புண் இருந்தால் இடது தாடையடியை மட்டும் தடவிவிட்டுத் திருப்தி அடைய முடியாது என்பதன் காரணம் இதுவே. இருபுறமும், மேலிருந்து காறை எலும்பு வரை, முழுச் சங்கிலியையும் பார்த்தாக வேண்டும்.

ஆழ்கணுச் சங்கிலியில் எல்லோருக்கும் முதலில் தட்டுப்படுவது தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, டைகாஸ்டிரிக் தசை உட்சிரையைக் கடக்கும் இடத்தில் இருப்பது. டான்சில் கணு என்றே இதற்குப் பெயர் வழங்குகிறது. தொண்டை வலிக்கும் குழந்தைகளில் இது வீங்காமல் இருந்தால்தான் வியப்பு. தொண்டைக்குள் டான்சில்கள், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, நாவடி டான்சில் எல்லாம் சேர்ந்து அமைந்த நிணத்திசு வளையத்தை 1884ல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டெயர் விவரித்தார். அந்த வளையத்தின் வடிகாலாக நிற்பது பெரிதும் இந்தக் கணுதான். குழந்தைகளில் ஒரு சென்டிமீட்டருக்குள் மென்மையாக நழுவும் கணுக்கள் கழுத்தில் இருப்பது இயல்பு; இந்த ஒரு கணு ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருந்தாலும் பொறுக்கலாம். நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு இதே இடத்தில் நீர்க்கட்டியைப் போன்ற வீக்கம் புதிதாகத் தோன்றினால் நிலைமை வேறு. பிறவி நீர்க்கட்டி என்று எழுதி அனுப்பிவிடாமல், டான்சிலிலும் நாவடியிலும் மறைந்திருக்கும் புற்றுநோயைத் தேட வேண்டும்; பாப்பிலோமா வைரஸால் வரும் புற்றுநோயின் கணுக்கள் இப்படி நீர் கோத்துக் காணப்படுவது வழக்கம்.

தொட முடியாத கணுக்களும் உண்டு. தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிக்கு அருகில் இருக்கும் கணுவுக்கு, நிணநீர் மண்டலத்தைப் பற்றி 1932ல் பெருநூல் எழுதிய பிரெஞ்சு உடற்கூறியலாளர் ரூவியேரின் பெயர் வழங்குகிறது. மூக்கின் பின்தொண்டையும் மூக்கின் பின்பாதியும் அங்கே வடிகின்றன. ஸ்கேனில்தான் அதைக் காண முடியும். ஆனால் அதே பின்தொண்டையில் வரும் புற்றுநோய் மேல் ஆழ்கணுக்களுக்கும் பின்கழுத்துக் கணுக்களுக்கும் விரைவில் பரவுவதால், காதின் பின்னெலும்பு முனைக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி என்றுதான் நோயாளி முதலில் வருவார். அத்துடன் ஒரு காது மட்டும் அடைத்திருப்பதாகச் சொன்னால் மிகுந்த கவனம் தேவை. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழலின் வாயைக் கட்டி அடைத்திருக்கலாம். தென்சீனத்திலும் நம் நாட்டில் நாகாலாந்திலும் இந்நோய் மிகுதி; மற்ற இடங்களில் அரிது என்பதாலேயே தவறவிடப்படுகிறது.

குரல்வளை ஒரு நல்ல பாடத்தைத் தருகிறது. குரல்நாண்களுக்கு மேலே உள்ள பகுதி நிணநாளங்கள் செறிந்தது. அது மேல், நடு ஆழ்கணுக்களுக்கு இருபுறமும் வடிகிறது. நாண்களுக்குக் கீழே உள்ள பகுதி மூச்சுக்குழலை ஒட்டிய கணுக்களுக்கும் கீழ் ஆழ்கணுக்களுக்கும் வடிகிறது. குரல்நாண்களிலோ நிணநாளங்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே நாணிலேயே அடங்கிய ஆரம்பப் புற்றுநோய் கணுவுக்குப் பரவுவது மிக அரிது. குரல் கம்மல் உடனே காட்டிக் கொடுத்துவிடும் என்பதும் சேர்ந்து, அந்நோயாளிகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஓரிரு சென்டிமீட்டர் மேலே தொடங்கும் அதே வகைப் புற்றுநோய், குரல் மாறும் முன்பே கழுத்தில் நெறியாகத் தலைகாட்டுகிறது.

தைராய்டு, குரல்வளைக்கு முன்னாலும் மூச்சுக்குழலின் முன்னாலும் பக்கங்களிலும் உள்ள நடுக்கழுத்துக் கணுக்களிலும், பின்னர் பக்கவாட்டுச் சங்கிலியிலும் வடிகிறது. தைராய்டின் பாப்பில்லரி புற்றுநோய் நிணநீர் வழியே பரவுவதில் முனைப்புடையது. சுரப்பியில் கட்டி கைக்குத் தெரியும் முன்பே பக்கக் கழுத்தில் கணு வீங்கி வரும் இளம்பெண்கள் உண்டு. ஆனாலும் முறையான சிகிச்சைக்குப் பின் இவர்களின் எதிர்காலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பதைச் சொல்லித் தைரியப்படுத்த வேண்டும்.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கணு தட்டுப்பட்டால், நோயின் ஊற்று கழுத்துக்குக் கீழே இருக்கக்கூடும். மார்பு நிணநாளம் வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு இடது கழுத்தின் அடியில் வளைந்து சிரையில் சேர்வதால், இரைப்பைப் புற்றுநோய் இடது குழியில் கணுவாகத் தோன்றலாம் என்பதை 1848லேயே ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்க்கோ கவனித்தார். வலது குழியில் தோன்றுவது பெரும்பாலும் நுரையீரலையும் மார்பின் நடுப்பகுதியையும் சுட்டும். வேறு எந்தக் கழுத்துக் கணுவையும் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்ல இடமுண்டு. இந்தக் குழியில் பெரியவருக்குத் தட்டுப்படும் கணுவை மட்டும் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

அறுவை மருத்துவர்கள் கழுத்துக் கணுக்களை ஒன்று முதல் ஏழு வரை நிலைகளாகப் பிரித்துப் பேசுவார்கள். முகவாய், தாடையடிக் கணுக்கள் முதல் நிலை. உட்சிரைச் சங்கிலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகள் இரண்டு, மூன்று, நான்கு. பின்கழுத்து முக்கோணம் ஐந்து. தைராய்டைச் சுற்றிய நடுக்கழுத்து ஆறு. மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பது ஏழு. இந்தப் பிரிவினையின் பின்னே நோயாளிகளின் துன்பத்தைக் குறைத்த ஒரு வரலாறு இருக்கிறது. 1906ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் அடிப்படையில், ஒரு பக்கக் கழுத்தின் கணுக்கள் அனைத்தையும் மொத்தமாக எடுக்கும் முறையை வகுத்தார். கணுக்களோடு சேர்த்துக் கழுத்தின் பெருந்தசையையும் உட்சிரையையும் தோளைத் தூக்கும் நரம்பையும் எடுக்கும் முறையாகவே அது நெடுங்காலம் வழங்கியது. உயிர் பிழைத்தவர்களுக்குத் தோள் சரிந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. கணுக்கள் தசைநார் உறைகளுக்கு இடையிலான கொழுப்பில் கிடக்கின்றன, தசைக்கும் சிரைக்கும் உள்ளே இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, அவற்றை விட்டுவைத்துக் கணுக்களை மட்டும் உரித்தெடுக்கும் வழியை அர்ஜென்டினாவின் ஓஸ்வால்டோ சுவாரெஸ் காட்டினார். 1972ல் மருத்துவர் லின்ட்பெர்க் 2,044 நோயாளிகளின் கணுப் பரவலை ஆராய்ந்து, எந்த இடத்துப் புற்றுநோய் எந்தக் கணுக்களுக்கு முதலில் போகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதை எண்ணிக்கைகளோடு வெளியிட்டார். வாய்ப் புற்றுநோய் முதல் மூன்று நிலைகளுக்கு முதலில் போகும் என்றால், ஆரம்ப நிலையில் மற்றவற்றைத் தொடாமல் விடலாம் அல்லவா? இன்று செய்யப்படும் தெரிவு முறை அறுவைகள் இப்படிப் பிறந்தவை.

கணு கைக்கே தெரியாத ஆரம்ப வாய்ப் புற்றுநோயிலும் கழுத்துக் கணுக்களை எடுக்க வேண்டுமா, கணு வீங்கும் வரை காத்திருக்கலாமா என்ற கேள்வி நெடுங்காலம் தீராமல் இருந்தது. அதற்கு விடை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து வந்தது. 2015ல் வெளியான அவர்களின் ஆய்வில், முதலிலேயே கணுக்களை எடுத்தவர்களில் 80 சதவீதம் பேரும், காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 சதவீதம் பேரும் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தார்கள். கைக்குத் தட்டுப்படாத கணுவில் நோய் இல்லை என்று கருதிவிட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை.

நம் நாட்டில் கழுத்து நெறியைப் பற்றிப் பேசும் எவரும் காசநோயை விட்டுவிட முடியாது. நுரையீரலுக்கு வெளியே காசநோய் மிக அதிகமாகத் தாக்கும் இடம் கழுத்துக் கணுக்களே. பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதுதான். மேல் ஆழ்கணுக்களும் பின்கழுத்துக் கணுக்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிக்கொண்டு, சூடும் சிவப்பும் இல்லாமல் மெல்லப் பழுக்கும். சீழ் என்று நினைத்து அதைக் கீறிவிட்டால் ஆறாத புரைப்புண் மாதக்கணக்கில் ஒழுகும். மெல்லிய ஊசியால் உறிஞ்சிச் செல் சோதனைக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனைக்கும் அனுப்புவதே முறை. ஆறு மாத மருந்துக்கு இடையில் கணு சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

தொட்டுப் பார்க்கும் முறைக்கு வருவோம். நோயாளியை உட்காரவைத்து அவர் பின்னால் நில்லுங்கள். தலையைச் சோதிக்கும் பக்கமாகச் சற்றுச் சாய்த்து முன்னே குனியச் சொன்னால் கழுத்துத் தசை தளரும். தசை விறைத்திருக்கும் வரை அதன் அடியில் உள்ள சங்கிலி விரலுக்கு எட்டாது. விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் வட்டமாக உருட்டிப் பாருங்கள். முகவாயில் தொடங்கி, தாடையடி, காதின் முன், காதின் பின், பிடரி, பிறகு சங்கிலியின் மேலிருந்து கீழ், காறைக் குழி, பின்கழுத்து என்று ஒரே வரிசையை எப்போதும் கடைப்பிடியுங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விடுபடும். கணுவென்று ஏமாற்றுபவையும் இருக்கின்றன: காது மடலுக்குக் கீழே தட்டுப்படும் முதல் கழுத்தெலும்பின் பக்க முனை, குரல்வளைக்கு மேலே உள்ள ஹையாய்டு எலும்பின் கொம்பு, துடிக்கும் கழுத்துத் தமனியின் புடைப்பு. தாடையடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியையும் கணுவையும் பிரித்தறிய, கையுறை அணிந்த ஒரு விரலை வாயின் தரைப்பகுதியிலும் மறுகையை வெளியிலும் வைத்து அழுத்துங்கள். இரு விரல்களுக்கும் இடையே தெரிவது சுரப்பி. வெளியிலிருந்து மட்டும் தெரிவது கணு.

மூன்று வாரங்களுக்கு மேல் குறையாத, கெட்டியான, வலியற்ற கணு பெரியவர் ஒருவருக்கு இருந்தால், அதை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். முதலில் வாய், நாவடி, டான்சில், பின்தொண்டை, குரல்வளை, தைராய்டு, உச்சந்தலைத் தோல் எல்லாவற்றையும் பார்த்து, குழாய்க் கருவியால் உள்ளே நோக்கி, கணுவில் ஊசிச் சோதனை செய்த பிறகும் விடை கிடைக்காதபோதுதான் கத்தி வர வேண்டும். நிணநீர்ப் புற்றுநோய் என்ற ஐயம் இருந்தால் முழுக் கணுவும் தேவைப்படும், அது வேறு. ஆனால் வாயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பரவிய கணுவை முதலிலேயே கிழித்துவிட்டால், பிறகு செய்ய வேண்டிய முழு அறுவை வடுவுக்குள்ளும் சிதறிய செல்களுக்குள்ளும் நடக்க வேண்டிவரும்.

சிகிச்சை முடிந்த கழுத்தைப் பற்றி ஒன்று. கணுக்களை எடுத்தாலும் கதிர்வீச்சு கொடுத்தாலும் பழைய வழிகள் அடைபடுகின்றன. நிணநீர் தேங்குவதால் முகவாய்க்குக் கீழே தொங்கலாகவும் கன்னத்திலும் வீக்கம் வரும். இரவெல்லாம் படுத்திருப்பதால் காலையில் அதிகமாகவும், எழுந்து நடமாடியபின் புவியீர்ப்பால் குறைந்தும் இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த வோட்டர் தம்பதியர் 1930களில் உருவாக்கிய மென்மையான கைவருடல் முறை, பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் கையில் இந்த வீக்கத்துக்கு உதவுகிறது. தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் கழுத்துப் பயிற்சிகளும் உடன் வேண்டும். காரணம் தெரியாத நெறியின் மேல் எவரும் இந்த வருடலைச் செய்துகொள்ளக் கூடாது. அடைபட்ட நிணநீர் புதுவழிகளைத் தேடிக்கொள்ளும், நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக்கும் போகும். இடது நாக்குக்கும் இடது கழுத்துக்கும் அறுவை செய்துகொண்ட ஒருவர் பிற்காலத்தில் பல்லைக் காட்ட உங்களிடம் வந்தால், வடு இருக்கும் பக்கத்தைப் பார்த்தபின் வலது கழுத்தையும் முகவாயிலிருந்து காறை எலும்பு வரை அதே வரிசையில் உருட்டிப் பாருங்கள்.